முற்றத்துப் பேச்சு மேடை ஏறிய கதை

யாழ்ப்பாணத்து நாடக மேடையில் வெகுகாலம் ஊர்ப் பேச்சைப் பேச அனுமதி பெற்றிருந்தவர் பபூன் ஒருவர்தான். அரிச்சந்திரன் பாடுவான், சந்திரமதி பாடுவாள், விசுவாமித்திரர் சுத்தமான செந்தமிழில் சீறுவார். நடுவிலே பபூன் வந்து, முன்வரிசையில் குந்தியிருக்கும் கிழவரைப் பார்த்து, "என்ன அண்ணை, சுருட்டு நூந்து போச்சோ?" என்பார். கொட்டகை கலகலத்துப் போகும். கூத்துக் களரியிலும் இதே பங்கீடுதான். ராசா விருத்தத்தோடு வரவு ஆடுவார்; கட்டியக்காரனும் கோமாளியும் மட்டும் பார்க்க வந்த சனத்தின் பேச்சிலே பேசுவார்கள். வீரத்துக்கும் சோகத்துக்கும் பாட்டு, பகிடிக்கு ஊர்ப் பேச்சு என்று யாரும் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது.

அந்தப் பேச்சு பபூனிடமிருந்து விடுபட்டது கொழும்பில், பல்கலைக்கழக மாணவர்கள் போட்ட நாடகங்களில். அங்கிருந்து அது வானொலிக்கும் ஒலிநாடாவுக்கும் சினிமாவுக்கும் போனது. போன இடமெல்லாம் சிரிப்பைக் கூட்டிக்கொண்டே போனது. அந்தச் சிரிப்பு அதற்கு நல்லதும் செய்தது, கெடுதலும் செய்தது.

மாணவர்களுக்கு முன்பே படித்தவர்களின் சபை ஒன்று இருந்தது. சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் தொடங்கிய சுகுண விலாச சபையைப் பார்த்து, கொழும்பில் 1913இல் இலங்கா சுபோத விலாச சபை எழுந்தது. அதன் உயிர்நாடி கலையரசு க. சொர்ணலிங்கம். நாடகம் ஆடுகிறவனைக் கூத்தாடி என்று ஒதுக்கிய காலத்தில், அலுவலகத்தில் வேலை பார்க்கும் கனவான்கள் வேடம் கட்டலாம் என்று காட்டியவர் அவர். அந்தக் கடன் பெரிது. ஆனால் அந்தச் சபை ஆடியது பெரும்பாலும் முதலியாரின் நாடகங்கள். அவற்றின் தமிழ் சென்னை மேடைத் தமிழ். பகலெல்லாம் "ஓம்" சொல்லித் திரிந்த மனிதர்கள் இரவு மேடையில் "ஆம்" என்றார்கள். யாருக்கும் அது உறுத்தியதாகத் தெரியவில்லை.

அது உறுத்தியது புலோலியில் 1903இல் பிறந்த க. கணபதிப்பிள்ளைக்கு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விபுலாநந்தரிடம் படித்து, பிறகு லண்டனில் ஏழாம், எட்டாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகளின் மொழியை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் வாங்கி, 1930களின் நடுவில் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரிக்குத் தமிழ் கற்பிக்க வந்தவர். கல்வெட்டு ஆராய்ச்சியாளர் பேச்சுத் தமிழில் நாடகம் எழுதினார் என்றால் பலருக்கு வியப்பாக இருக்கும். எனக்கு அது பொருத்தமாகவே படுகிறது. கல்லில் கொத்திய தமிழுக்குள்ளும் பேச்சு வழக்கு நுழைந்திருப்பதைக் கண்ணால் கண்டவர், பேச்சை இழிவாக எண்ண வழியில்லை.

மாணவர்களின் தமிழ்ச் சங்கத்துக்கு மேடையேற்ற நாடகம் வேண்டியிருந்தது. அவர் எழுதினார், மாணவர்கள் நடித்தார்கள். உடையார் மிடுக்கு, முருகன் திருகுதாளம், கண்ணன் கூத்து, நாட்டவன் நகர வாழ்க்கை என்ற நான்கும் 1940இல் 'நாநாடகம்' என்ற பெயரில் புத்தகமாயின. நாடகம் உலகத்தை உள்ளபடி காட்ட வேண்டியது, ஆகவே வீட்டிலும் வீதியிலும் பேசுகிற மாதிரித்தான் அரங்கிலும் பேசவேண்டும் என்பது அவர் கொள்கை. இன்று இது சாதாரணமாகத் தோன்றும். மேடை என்றாலே அடுக்குமொழி என்றிருந்த அந்நாளில், தமிழ் விரிவுரையாளர் ஒருவர் இதைச் சொல்லி, புத்தகமாகவும் அச்சிட்டுக் கையில் கொடுத்தது சின்ன விஷயம் அல்ல.

பேச்சுத் தமிழ் மேடைக்கு வந்ததைப் பற்றி எழுதுகிறவர்கள் அதை யதார்த்தம் என்ற ஒரு சொல்லோடு முடித்துவிடுகிறார்கள். நான் பெரிதாக மதிப்பது வேறொன்றை. கணபதிப்பிள்ளையின் மேடையில் உடையாரும் ஊர்ப் பேச்சுப் பேசினார். மணியகாரர், உடையார், விதானை என்ற வரிசை ஆங்கிலேயர் ஆட்சியின் கிராமத்துக் கை. காணி, வரி, வழக்கு, பிறப்பு, இறப்பு எல்லாவற்றிலும் அவர்கள் நிழல் விழும். அப்படிப்பட்ட ஆளும் அவருக்குக் கீழே நிற்பவனும் ஒரே பேச்சைப் பேசினால், பேச்சைக் கேட்டுச் சிரிக்க முடியாது. ஆளின் நடத்தையைப் பார்த்துத்தான் சிரிக்க வேண்டும். பபூன் பேசியபோது மொழியே வேடிக்கையாக இருந்தது. மாணவர் மேடையில் மொழி எல்லோருக்கும் பொதுவாகிவிட, உடையாரின் மிடுக்கு வேடிக்கையானது. அன்று பல்கலைக்கழகம்வரை வந்தவர்களில் பலர் வசதியான வீட்டுப் பிள்ளைகள். தங்கள் வீட்டுத் திண்ணையில் கேட்ட அதிகாரக் குரலையே அவர்கள் மேடையில் பேசிக் காட்டினார்கள் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

இந்தப் பேச்சு பகிடிக்கு ஏன் இவ்வளவு வாய்ப்பானது என்றால், மரியாதைக்கு அதில் பல படிகள் உண்டு. நீ, நீர், நீங்கள் என்ற மூன்றும் யாழ்ப்பாணத்தில் உயிரோடு புழங்குபவை. ஓர் உடையார் முற்றத்தில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தோட்டத்தில் கூலிக்கு நிற்பவனை "எடேய், இஞ்சை வா" என்பார். பள்ளிக்கூடத்து வாத்தியார் வந்தால் "வாரும் வாத்தியார், உதிலை இரும்" என்பார். கச்சேரியிலிருந்து அதிகாரி வந்துவிட்டால் எழும்பி நின்று, சால்வையைச் சரிசெய்துகொண்டு, "வாங்கோ ஐயா, இருங்கோ" என்பார். மூன்று பேரிடமும் சொன்ன செய்தி ஒன்றுதான். நகைச்சுவைத் துணுக்கு எதுவும் கிடையாது. ஆனாலும் அடுத்தடுத்து இந்த மூன்றையும் கேட்கும் சபை சிரித்தே தீரும், ஏனென்றால் மனிதன் முழுவதும் வெளியே வந்துவிட்டான். நாடகாசிரியர் அவனைப் பற்றி ஒரு குறைகூடச் சொல்ல வேண்டியதில்லை.

அதேபோல 'உவர்'. அவருக்கும் இவருக்கும் நடுவே நிற்கிற இந்தச் சுட்டு தமிழகப் பேச்சில் வழக்கொழிந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் வேலிக்கு வேலி கேட்கலாம். முன்னால் நிற்பவரோடு வந்த ஆளைத் தலையால் காட்டி, "உவர் ஆர் பொடியன்?" என்று கேட்கும்போது அந்தக் கேள்விக்குள் பாதி ஏளனமும் பாதி விசாரணையும் இருக்கும். கல்யாணம் பேசும் காட்சியில் பெண்ணின் தகப்பன் மாப்பிள்ளையை ஒரு தடவை 'உவர்' என்றால் போதும், சம்பந்தம் குழம்பப் போகிறது என்று சபைக்குத் தெரிந்துவிடும். இத்தகைய நகைச்சுவையை நடிகன் முகத்தைக் கோணிக் கெடுக்கத்தான் முடியும். பேச்சை அதன் இயல்பான வேகத்தில், இழுவையோடு, அடக்கமாகச் சொல்ல வேண்டும். சொந்த வீட்டுப் பேச்சைக் காதில் வைத்திருந்த மாணவனுக்கு அது இலகுவாக வந்தது. தொழில்முறை நடிகனுக்கு அது வராமல் போனதற்குக் காரணம், அவன் பழகியிருந்த மேடைக் குரல்.

1942இல் பல்கலைக்கழகக் கல்லூரி இலங்கைப் பல்கலைக்கழகமாகி, 1952இல் பேராதனைக்குப் போனது. நாடகங்களும் கூடவே போயின. கணபதிப்பிள்ளையின் மாணவர் சு. வித்தியானந்தன் ஆசிரியராக இருந்து அவற்றை மாணவர்களைக் கொண்டு மேடையேற்றினார். 'இரு நாடகம்' 1952இல் வந்தது, வரலாற்று நாடகமான 'சங்கிலி' 1956இல். பேராதனை விடுதிகளில் வடமராட்சிப் பிள்ளையும் மட்டக்களப்புப் பிள்ளையும் கொழும்புப் பிள்ளையும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புதிதாகவும் வேடிக்கையாகவும் இருந்தது. அங்கே நடிக்கப் பழகியவர்களில் ஒருவர் கா. சிவத்தம்பி, பின்னாளில் தமிழ் நாடக வரலாற்றின் தலையாய ஆய்வாளர். இலங்கை வானொலியில் இலங்கையர்கோன் எழுதிய 'விதானையார் வீட்டில்' தொடரில் விதானையாராகக் குரல் கொடுத்ததும் அவர்தான்.

இலங்கை வானொலியில் நாடகங்களைத் தயாரித்த சானா என்கிற சண்முகநாதனுக்கு இந்தப் பேச்சின் அருமை தெரிந்திருந்தது. 'லண்டன் கந்தையா' என்ற வானொலி நாடகத்தின் பெயரை இன்றைக்கும் வயதான ஈழத்தவர் யாரிடம் சொன்னாலும் முகம் மலரும். வானொலியில் வேலியும் இல்லை, முற்றமும் இல்லை, சால்வையும் இல்லை. எல்லாவற்றையும் பேச்சு ஒன்றே கட்டி எழுப்ப வேண்டும். கட்டியது. ஒரே பெட்டியைச் சுற்றி அயல் முழுவதும் குந்தியிருந்து, தங்கள் சொந்தப் பேச்சு கொழும்பிலிருந்து தங்களுக்கே வருவதைக் கேட்டது.

இனிப் பாட்டுக்கு வருகிறேன். பேச்சு மேடை ஏறிவிட்டது. ஆனால் பாட்டைக் கைவிட்டு ஏறியது. கணபதிப்பிள்ளையின் நாடகங்கள் வீட்டுக்குள் நடக்கும் வசன நாடகங்கள். ஊரோ பாட்டில்லாமல் நாடகம் பார்த்துப் பழகாதது. 1956இல் அதே பேராதனைச் சூழலிலிருந்து சரச்சந்திரவின் 'மனமே' வந்து சிங்கள நாடகத்தைத் தலைகீழாக்கியது. அந்தத் தூண்டுதலில், கலைக்கழகத் தமிழ் நாடகக் குழுவின் தலைவராக வித்தியானந்தன் ஊர் ஊராகப் போய்க் கூத்துகளைத் தேடினார். 1962இல் 'கர்ணன் போர்', அடுத்து 'நொண்டி நாடகம்', 1960களின் நடுவில் 'இராவணேசன்' என்று மாணவர்களை ஆட வைத்தார். மட்டக்களப்பிலிருந்து செல்லையா அண்ணாவியார் வந்து தாளக்கட்டுப் பழக்கினார். இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு.

இந்தக் கூத்துகளின் பெருமையைக் குறைக்க நான் துணியமாட்டேன். நாட்டுப்புறத்தான் ஆட்டம் என்று ஒதுக்கப்பட்டதைப் பல்கலைக்கழகம் தலையில் தூக்கி வைத்தது. ஆனாலும் ஒரு நட்டம் நேர்ந்தது. விடிய விடிய வட்டக்களரியில் ஆடுகிற கூத்தைப் படச்சட்ட மேடையில் சில மணி நேரத்துக்குள் அடக்கினால், களரியில் நின்று சனத்தோடு பகிடி விட நேரம் மிஞ்சாது. பாட்டு மிடுக்கோடு நிமிர்ந்தது. சிரிப்பு ஒதுங்கியது. நொண்டி நாடகம் மட்டும் அதற்கு விலக்கு. காலை இழந்த கள்ளன் தன் களவுகளைத் தானே சிந்தில் பாடிச் சொல்லும் பழைய வடிவம் அது. நாயகனே சிரிப்புக்கு உரியவன். பாட்டும் பகிடியும் ஒரே வாயில் இருக்கலாம் என்பதற்கு நம் மரபிலேயே சான்று இருந்தது.

1960களின் தொடக்கத்தில் ஈழத்தில் மரபுப் போராட்டம் நடந்தது. பேச்சு வழக்கில் எழுதுவதை இழிசனர் வழக்கு என்று பண்டிதர் பக்கம் சாடியது. முற்போக்கு எழுத்தாளர்கள் எதிர்த்து நின்றார்கள். அந்தச் சண்டை பெரும்பாலும் சிறுகதையையும் நாவலையும் பற்றியது. தமிழ்ப் பேராசிரியர் ஒருவரே இருபது ஆண்டுகளுக்கு முன் அந்த வழக்கில் நாடகங்களை அச்சிட்டிருந்தார் என்பது அந்த வாதத்தில் பண்டிதர்களுக்கு மிகவும் சங்கடமான உண்மையாக இருந்திருக்க வேண்டும். ஆனால் எல்லாப் பேச்சும் ஒரே மரியாதை பெறவில்லை. உயர்சாதி முற்றத்துப் பேச்சு அரங்கேறுவது ஒன்று, கோயில் வாசலில் தடுக்கப்பட்டவனின் பேச்சு அரங்கேறுவது வேறொன்று.

அது நடந்தது 'கந்தன் கருணை'யில். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டவர்களை விடாமல் தடுத்ததை எதிர்த்துப் போராட்டம் எழுந்தது. என். கே. ரகுநாதன் எழுதிய நாடகத்தை அம்பலத்தாடிகள் என்ற குழு காத்தவராயன் கூத்து மெட்டுக்குள் கொண்டுவந்தது. யாழ்ப்பாணத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த மெட்டு அது. கோயில் கதவு அடைத்திருக்க, முருகனே அடியார் பக்கம் வருகிறான். நையாண்டி, பாட்டு, ஊர்ப் பேச்சு மூன்றும் ஒன்றாகிவிட்டன. வெறும் வசனமாகப் பேசியிருந்தால் சபை எழுந்து போயிருக்கக்கூடிய விஷயத்தை, காத்தான் மெட்டு உட்கார்ந்து கேட்க வைத்தது. ஈழத்து இசை நகைச்சுவை அரங்கில் என் கணிப்பில் இதற்கு மேலே எதுவும் இல்லை.

1978இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரி தொடங்கியது. குழந்தை ம. சண்முகலிங்கம் அதன் முதல்வராக இருந்தார். அவருடைய 'கூடி விளையாடு பாப்பா', மௌனகுருவின் 'தப்பி வந்த தாடி ஆடு' போன்றவை பள்ளிக்கூடங்களுக்குப் பரவின. ஆடும் நரியும் மாடும் பாடி ஆடிச் சண்டை பிடித்துச் சமாதானமாகும் அந்தச் சிறுவர் நாடகங்களில் வசனம் எங்கே முடிந்து பாட்டு எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாது. பிள்ளைகள் விளையாட்டில் கத்துகிற கத்தலே தாளத்தில் விழுகிறது.

பிறகு போர். 1985இல் சண்முகலிங்கத்தின் 'மண் சுமந்த மேனியர்' யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்களால் ஊர் ஊராக ஆடப்பட்டது. சிதம்பரநாதன் நெறியாள்கை. அதே வீட்டுப் பேச்சு, அதே "எணை", அதே "எடியே". இம்முறை சபை அழுதது. பபூனுக்கென்று ஒதுக்கியிருந்த பேச்சு, பிள்ளையை இழந்த தாயின் பேச்சாக மேடையில் நின்றபோது, கணபதிப்பிள்ளை தொடங்கிய வேலை ஒரு வட்டத்தை முடித்தது என்பேன்.

இன்னொரு கிளை பகிடியோடேயே போனது. 'கோமாளிகள் கும்மாளம்' வானொலியில் பெருவெற்றி பெற்று, 1976இல் 'கோமாளிகள்' படமானது. ராம்தாஸ் மரைக்காராக முஸ்லிம்களின் தமிழ் பேசினார். அப்துல் ஹமீட் ஐயராக வந்தார். ராஜகோபால் அப்புக்குட்டியாக யாழ்ப்பாணத் தமிழ், செல்வசேகரன் உபாலியாகச் சிங்களம் கலந்த தமிழ். ஒருவர் பேச்சை மற்றவர் எடுத்துப் பேசி நாடு முழுவதையும் சிரிக்க வைத்த அந்தக் காலம் அதற்குப் பின் திரும்பவில்லை. கரவெட்டியில் பிறந்த கே. எஸ். பாலச்சந்திரன் 'அண்ணை றைற்' என்று பஸ் கொண்டக்டராகத் தனியே மேடையில் நின்றார். ஒரு மனிதனின் வாயால் பஸ் முழுக்க ஆட்களை ஏற்றி இறக்கினார். அவர் குரல் ஒலிநாடாவில் கடல் கடந்தது. 2014இல் ரொறன்ரோவில் அவர் மறைந்தபோது, பனியில் வாழும் பிள்ளைகளுக்கு யாழ்ப்பாணப் பேச்சின் ஏற்ற இறக்கம் தெரிந்திருந்ததற்கு அவரும் ஒரு காரணம் என்று பலர் உணர்ந்திருப்பார்கள்.

2000இல் 'தெனாலி' வந்தது. அப்துல் ஹமீட் சொல்லிக் கொடுக்க, கமல்ஹாசன் யாழ்ப்பாணத் தமிழ் பேசினார். அக்கறையோடு பேசினார். தமிழகத்தில் பலருடைய காதுகளுக்கு அந்தப் பேச்சு அந்தப் படத்தின் வழியாகப் போனது. ஆனால் போன விதம் எனக்கு வருத்தம் தருகிறது. எதற்கெடுத்தாலும் நடுங்குகிற அகதி ஒருவனின் வாயில் அது போனது. சுற்றி இருந்த எவரும் அந்தப் பேச்சைப் பேசவில்லை. ஒருவர் மட்டும் வித்தியாசமாகப் பேச, மற்றவர்கள் கேட்டுச் சிரிக்கும் பழைய பபூன் ஏற்பாடு திரும்பி வந்துவிட்டது. அதன் பிறகு ஈழத்தவர் ஒருவர் சென்னையில் வாய் திறந்தால் சிரிக்கிற ஒரு தலைமுறை உருவானது.

இதே குற்றம் நம்மிடமும் உண்டு. பள்ளித் தமிழ்த் தினப் போட்டி நாடகங்களில் மலையகத் தமிழ் வேலைக்காரருக்கும், முஸ்லிம்களின் தமிழ் வியாபாரிக்கும், வன்னிப் பேச்சு விவரம் தெரியாதவனுக்கும் என்று இன்றும் பிரித்துக் கொடுக்கிறோம். நீதிபதியும் வைத்தியரும் கதாநாயகியும் எழுத்துத் தமிழ் பேசுகிறார்கள். நாடகம் பழக்கும் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த நாடகத்தில் நீதிபதிக்கு ஹட்டன் பேச்சைக் கொடுங்கள், கதாநாயகிக்குக் காத்தான்குடிப் பேச்சைக் கொடுங்கள், பாட்டையும் அந்தப் பேச்சிலேயே கட்டுங்கள். பிள்ளைகளுக்கு வீட்டுப் பேச்சு காதில் இருக்கிறது; அவர்களையே எழுத விடுங்கள்.